"எனக்குப் பித்த உடம்பு" என்று முடிவெடுக்க முதல்

போன கிழமை கோண்டாவிலில் நான் நடத்தும் யோகா வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். வாதம், பித்தம், கபம் மூன்றில் எது உங்கள் உடல்வாகு என்று பார்க்கும் இருபது கேள்விக்குப் போனில் விடை கொடுத்து, வந்த முடிவை நீட்டி, "அக்கா, நான் பித்த உடம்பு. உறைப்பையும் நல்லெண்ணெயையும் விட்டிட்டன்" என்றாள். உதடு வெடித்திருந்தது, நகங்கள் சதை தெரியக் கடிபட்டிருந்தன. பதினொரு வருடத்துக்கு முந்திய என்னையே எதிரில் இருத்தி வைத்தது போல இருந்தது. அதனால்தான் உடல்வாகு பார்ப்பதில் நடக்கும் தவறுகளை எழுதுகிறேன். சாப்பிட்ட கையோடு ஆசனம் செய்யாதீர்கள் என்பது போன்ற, எல்லோரும் சொல்கிற விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

இன்றைய குழப்பத்தைப் பிறவி உடம்பு என்று நினைப்பது

ஆயுர்வேதத்தில் பிரகிருதி, விகிருதி என்று இரண்டு சொல் உண்டு. முதலாவது கருவிலேயே அமைந்த உடல்வாகு, பெரிதாக மாறாது. இரண்டாவது இப்போது கெட்டிருக்கிற நிலை. நெஞ்செரிவு வருமா, கோபம் வருமா, நித்திரை எப்படி என்று கேட்டால் நாங்கள் போன மாதத்தை நினைத்துத்தான் விடை சொல்வோம். ஆக, பார்க்க வந்தது ஒன்று, பார்த்தது வேறொன்று.

நானும் இதைத்தான் செய்தேன். கம்பஸில் இறுதி வருடம், இரவு இரண்டு மணி வரை விழிப்பு, நாளுக்கு ஐந்தாறு பிளேன்ரீ, நேரம் தப்பிய சாப்பாடு. நெஞ்செரிவும் முகப்பருவும் எரிச்சலும் வந்ததும், பித்தம் என்று நானே முடிவு கட்டினேன். காலையில் பச்சை வெள்ளரிக்காய், மத்தியானம் ரசத்துக்குப் பதில் தயிர் (தயிர் குளிர்ச்சி என்று நினைத்தேன், ஆயுர்வேதம் அதை உஷ்ணம் என்கிறது), வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கும் நின்றது. மெல்ல மெல்ல மலச்சிக்கல் வந்தது, நித்திரை போனது, படி ஏறும்போது முழங்கால் நெறுநெறு என்றது, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. அதைப் பார்த்து நான் என்ன செய்தேன்? பித்தம் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்து மேலும் குளிர்ச்சியாகச் சாப்பிட்டேன். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான், வைத்தியம் கெடுத்ததை வருத்தம் என்று எண்ணி அதே வைத்தியத்தைக் கூட்டுவது. எட்டு மாதம் போனது.

கடைசியில் அம்மா ஒரு பரியாரியாரிடம் கூட்டிப் போனா. அவர் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து நெடுநேரம் இருந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, "பத்து வயதிலை பிள்ளை எப்படி? பசி நேரத்துக்கு வருமோ?" என்று கேட்டார். "எலும்பும் தோலும்தான் ஐயா. ஒருநாள் இரண்டு கோப்பை சாப்பிடுவாள், மற்றநாள் தொடமாட்டாள். குதிக்கால் வெடிச்சுக் கிடக்கும்." அவர் தலையாட்டினார். "இது வாத உடம்பு. பித்தம் நீங்கள் நித்திரை முழிச்சுச் சேர்த்தது."

சூடான சோறு, நெய், ரசம், கிழமைக்கு ஒரு முழுக்கு, பத்து மணிக்குப் படுக்கை. உடம்பு திரும்பி வர மூன்று மாதம் எடுத்தது.

ஆகவே கேள்விகளுக்குப் பத்துப் பதினைந்து வயதில் இருந்த உங்களை நினைத்து விடை கொடுங்கள், அதையும் உங்களை வளர்த்தவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். எலும்பமைப்பு, தோல், மூட்டு, சின்ன வயதுப் பசி, நித்திரை, இவைதான் சாட்சி. நேற்றைய நெஞ்செரிவை அதில் சேர்க்காதீர்கள்.

சித்த வைத்தியத்தையும் ஆயுர்வேதத்தையும் கலப்பது

யாழ்ப்பாணத்தில் எங்கள் கைக்கு இரண்டும் எட்டும், அதனால் இந்தத் தவறு இங்கே கூட நடக்கிறது. ஆயுர்வேதம் பிள்ளைப்பருவத்தைக் கபத்துக்கும் முதுமையை வாதத்துக்கும் கொடுக்கிறது. சித்தத்தில் முதல் 33 வருடம் வாதம், கடைசிப் பங்குதான் கபம். அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி என்று எடுத்தால் கணக்கு உதைக்கும். யாரிடம் போகிறீர்களோ அவருடைய முறையிலேயே நில்லுங்கள்.

வட இந்திய பருவ அட்டவணைப்படி சாப்பிடுவது

அங்கே ஆனி, ஆடியில் மழைக்காலம் தொடங்கிவிடும். அதே மாதங்களில் எங்களுக்குச் சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கும், மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மாதப் பெயரைப் பார்க்காமல் முற்றத்தைப் பாருங்கள்.

"நான் பித்தம், கோபம் வரத்தான் செய்யும்"

வீட்டில் உள்ளவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பிரஷர், சீனிக் குளிசையை நிறுத்துவது

செய்யவே வேண்டாம். உடம்பு மெலிவதும் படபடப்பும் சேர்ந்து வந்தால், வாதம் என்று பேர் வைக்க முதல் தைராய்டுக்கு இரத்தம் சோதியுங்கள்.

அந்தப் பிள்ளையை வகுப்பு முடிந்ததும் விறாந்தையில் இருத்தி, அம்மாவுக்கு ஒரு கோல் எடுக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள். "சின்னனிலை நான் எப்படி அம்மா, சாதுவோ?" என்று கேட்டாள்.

"நீயோ? ஒரு இடத்திலை இருந்தனியே! நித்திரையிலும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும்."