சிறு டிராக்டருக்குக் கழற்றி மாட்டும் வெயில் கூரை

மேலூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் சிறு டிராக்டர் ஓட்டுபவர், இருக்கைக்குப் பின்னுள்ள பாதுகாப்பு வளைவைக் கூரைக்குத் தாங்கலாக்கலாம். ஆனால் அதில் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. வண்டி கவிழும்போது உயிரைக் காக்க வேண்டிய இரும்பு அந்த இடத்தில்தான் பலமிழக்கும்.

வளைவின் இரு பக்கமும் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, 2 மி.மீ. கனமுள்ள 32 மி.மீ. சதுரக் குழாய்த் துண்டுகளை யூ போல்ட்டால் இறுக்கி, 25 மி.மீ. குழாயில் செய்த சட்டத்தின் கால்களை அவற்றுள் செருகி, பூட்டும் ஊசி (லாக் பின்) மாட்டினால், தாழ்ந்த கிளைகளுள்ள மாந்தோப்புக்குள் நுழையுமுன் எளிதில் கழற்றிவிடலாம்.

மேலே தகரம் வேண்டாம். அதிர்வில் ஓயாமல் சத்தமிடும். இரண்டாக மடித்த பச்சை நிழல்வலையே என் தேர்வு, ஆடிக்காற்று அதனூடே போய்விடும். நிமிர்ந்த சைலன்சர் இருந்தால் வலையின் முன்விளிம்பு அதை நெருங்கக் கூடாது.