பழைய எச்ஓ என்ஜினுக்கு டிகோடரும் சவுண்டும்: காசைக் கரியாக்கும் தவறுகள்

எச்ஓ, அதாவது 1:87 அளவு மாடல் ரயில் என்ஜினுக்குள் வைக்கும் டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டார், விளக்கு, சத்தத்தை இயக்கும் சின்னச் சர்க்யூட்) புகைந்துவிட்டால் பழி உடனே தயாரித்தவர் மேல் போகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை: மோட்டாரின் ஒரு முனை இன்னும் சேஸியை (அடிச்சட்டத்தை) தொட்டுக்கொண்டிருக்கும். பழைய டிசி ஓட்டத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, தண்டவாளத்து மின்சாரம் நேரே மோட்டாருக்குத்தான் போக வேண்டும். தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில் அப்படியில்லை. எச்ஓ தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ட் நிற்கிறது, அதன் திசை நொடிக்குப் பல ஆயிரம் முறை புரளுகிறது. டிகோடர் அதை வாங்கி, வேண்டிய அளவு மட்டும் மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டார் முனை சேஸியைத் தொட்டால் தண்டவாளத்து வோல்டேஜ் பின்வாசல் வழியாக டிகோடரின் மோட்டார் வெளியீட்டுக்குள் நுழையும். த்ராட்டிலைத் திருப்பியதும் கதை முடிந்தது.

இதற்கு நல்ல பாடம் ஆதர்ன் நிறுவனத்தின் பழைய ப்ளூ பாக்ஸ் வகை டீசல் மாடல்கள். மலிவாகக் கிடைப்பதால் முதல் முயற்சிக்குப் பலர் இவற்றையே எடுக்கிறார்கள். ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் போகி (சக்கரத் தொகுதி) வழியாக உலோகச் சேஸிக்கு வருகிறது. மறுபக்கத்து மின்சாரம் மோட்டார் மேலே ஓடும் நீளமான தகடு வழியாக வருகிறது. மோட்டாரின் கீழ்ப் பிரஷ் கிளிப்பில் இரண்டு சின்னக் கொம்புகள் உண்டு, அவைதான் சேஸியை அழுத்தித் தொடுபவை. மோட்டாரை வெளியே எடுத்து அந்தக் கொம்புகளை வெட்டுங்கள் அல்லது மடக்குங்கள். சேஸியின் தரையில் காப்டான் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். டிகோடரின் மோட்டார் ஒயர்களான சாம்பலையும் ஆரஞ்சையும் மேல், கீழ்க் கிளிப்புகளில் ஒவ்வொன்றாகச் சால்டர் செய்யுங்கள். மேல் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு போகிகளின் நிமிர்ந்த முனைகளிலிருந்து ஒயர் இழுத்து, டிகோடரின் இரண்டு தண்டவாள ஒயர்களில் கருப்போடு சேருங்கள். சிவப்பு சேஸிக்கு. ஆனால் அந்த வார்ப்பு உலோகத்தில் ஈயம் பிடிக்காது. பிடித்ததுபோல் தோன்றி, ஓடும்போது கழன்றுகொள்ளும். சின்னத் துளை போட்டு, மரை வெட்டி, வளையம் வைத்த ஒயரை ஸ்க்ரூவால் இறுக்குவதே சரி.

டிகோடரை இணைக்கும் முன் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, மோட்டாரின் இரண்டு முனைகளையும் சேஸியோடும் எல்லாச் சக்கரங்களோடும் தொட்டுப் பாருங்கள். எங்கும் சத்தம் வரக் கூடாது. மோட்டாரைக் கையால் கொஞ்சம் அசைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். டேப் கிழிந்திருந்தால் இந்த இரண்டாவது முறையில்தான் தெரியும்.

அடுத்தது ஆம்பியர் கணக்கு. என்ஜின் சாதாரணமாக ஓடும்போது 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துவிட்டுச் சிறிய டிகோடர் வாங்குவது தவறு. பார்க்க வேண்டியது மோட்டார் சிக்கி நிற்கும்போது இழுக்கும் அளவு. 12 வோல்ட் டிசி கொடுத்து, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடரில் இணைத்து, ஃப்ளைவீலை விரலால் ஒரே ஒரு நொடி பிடித்துப் படியுங்கள். அதற்கு மேல் பிடித்தால் சுருள் சூடாகிவிடும். வரும் எண்ணைவிட டிகோடரின் தாங்குதிறன் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய மோட்டார்கள் எளிதாக 1 ஆம்பியரைத் தாண்டும். டிசியிலேயே திக்கித் திணறி ஓடும் என்ஜினை டிகோடர் சரிசெய்யாது. பழைய கிரீஸைக் கழுவி, கியரை ஒழுங்குபடுத்திவிட்டுப் பிறகு இதில் இறங்குங்கள்.

சாக்கெட் உள்ள புதிய என்ஜின்களில் இந்தத் தலைவலி இல்லை. என்இஎம் 652 என்னும் தரப்படி அமைந்த 8 பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் பொதுவாக எதுவும் எரியாது. என்ஜின் ஓடும், விளக்கு மட்டும் எரியாது, ஏனென்றால் நீலமும் பச்சையும் இடம் மாறியிருக்கும். ஆரஞ்சு ஒயர் இருப்பதுதான் 1-ஆம் பின்.

விளக்கில் செய்யும் தவறு சத்தமில்லாமல் கொல்லும். நீல ஒயர்தான் எல்லா விளக்குக்கும் பொதுவான பிளஸ். வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு. பழைய பல்பு சேஸியில் கிளிப் போட்டு நிற்கும், அதை அப்படியே விட்டு நீலத்தை இணைத்தால் வெளியீடு போயிற்று. எல்இடிக்கு மாறுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாக 1 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் போடுங்கள். 14 வோல்ட்டில் வெள்ளை எல்இடி தனக்கு 3 எடுத்துக்கொள்ளும், மீதியில் ஏறத்தாழ 11 மில்லிஆம்பியர் ஓடும், அது தாராளம்.

இனி சவுண்ட். ஸ்பீக்கரை வெறுமனே ஒட்டிவிட்டு "சத்தமே வரவில்லை" என்பார்கள். கூம்பின் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் அடித்தொனி காணாமல் போகிறது. 11×15 மி.மீ. ஷுகர் கியூப் ஸ்பீக்கரானாலும் பின்னால் காற்றுப் புகாத பெட்டி வேண்டும், ஓரங்களில் சிலிகான் பூசி அடைக்க வேண்டும். டிகோடர் கையேட்டில் குறைந்தது எத்தனை ஓம் என்று பார்க்காமல் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போடாதீர்கள், அது 4 ஓம் ஆகிவிடும். தொடராகப் போட்டால் 16. ஸ்பீக்கர் ஒயர் எதுவும் சேஸியைத் தொடக் கூடாது.

டிகோடரில் ஏற்றும் சவுண்ட் ஃபைல் தேர்விலும் ஏமாறுகிறார்கள். ஆல்கோ (அமெரிக்க என்ஜின் தயாரிப்பாளர்) என்று பெயர் இருந்தால் போதாது. நம் ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசலில் இருப்பது 16 சிலிண்டர் ஆல்கோ 251. ஆல்கோவின் இன்னொரு மாடலான ஆர்எஸ்-3-க்கான ஃபைல் 244 என்ஜினுடையது, ஒட்டாது. செஞ்சுரி 628 வகைக்கான ஃபைல் மிகவும் நெருங்கி வரும். நம் ரயில்வேயின் இன்னொரு டீசலான டபிள்யூடிஜி-4 செய்கிறவர்கள் இஎம்டி நிறுவனத்தின் 710 என்ஜினைத் தேட வேண்டும். அது இரண்டு ஸ்ட்ரோக், நான்கு ஸ்ட்ரோக் ஆல்கோவின் தடதடப்பு அதில் வராது. பொன்மலை ஷெட்டுப் பக்கம் ஆல்கோ கேட்டு வளர்ந்த காது ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

சவுண்ட் விட்டுவிட்டு வந்தால் முதலில் சக்கரத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் கீப்-அலைவ் கெபாசிட்டர் (மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் டிகோடரை ஓட வைப்பது). அதன் மைனஸ் போக வேண்டியது டிகோடர் பலகையின் கிரவுண்டுக்கு. நிறத்தைப் பார்த்து ஏமாந்து தண்டவாளத்துக் கருப்பு ஒயரில் இணைக்காதீர்கள். பிளஸ், மைனஸ் மாறினால் கெபாசிட்டர் வெடிக்கும். டிகோடரில் எண்களை எழுதவும் படிக்கவும் ஒதுக்கிய புரோகிராமிங் டிராக்கில் படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், பல நேரம் குற்றவாளி இந்தக் கெபாசிட்டர்தான். கழற்றிவிட்டுப் படியுங்கள்.

முகவரி (என்ஜினைக் கூப்பிடும் எண்) மாற்றும்போது மெயின் டிராக்கில் சர்வீஸ் மோடில் (முகவரி பாராமல் எழுதும், புரோகிராமிங் டிராக்குக்கான முறை) எழுதினால் அங்கே நிற்கும் எல்லா என்ஜினும் அதே எண்ணுக்கு மாறிவிடும். இன்னொரு குழி: நீள முகவரியை (நான்கு இலக்க எண்) எழுதிவிட்டு சிவி 29-ஐ மறப்பது. சிவி என்பது டிகோடரில் ஒவ்வோர் அமைப்பையும் சேமிக்கும் எண்ணிட்ட இடம். 4013 வேண்டுமென்றால் சிவி 17-இல் 207, சிவி 18-இல் 173, அதோடு சிவி 29 வழக்கமான 6-லிருந்து 38 ஆக வேண்டும். இல்லையென்றால் என்ஜின் இன்னும் பழைய முகவரியான 3-க்குத்தான் தலையாட்டும். டிசியில் ஓட்டவே மாட்டீர்கள் என்றால் 34 போடுங்கள். ஷார்ட் ஆன பிறகு என்ஜின் தானாக முழு வேகத்தில் பாய்வது அதோடு நிற்கும். குழப்பம் முற்றினால் பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

டிகோடரை ஹீட் ஷ்ரிங்க் டியூபுக்குள் முழுதாக மூடாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். அடியில் ஒரு துண்டு காப்டான், நுரை டேப்பால் ஒரே ஒரு இடத்தில் ஒட்டு, அவ்வளவே. உடலை மாட்டும் முன் ஒயர்கள் ஃப்ளைவீலில் உரசுகிறதா, ஸ்க்ரூத் தூணுக்கடியில் நசுங்குகிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகும் முதல் சோதனையை மெயினில் செய்யாமல் புரோகிராமிங் டிராக்கில் சிவி 1-ஐப் படித்துச் செய்யுங்கள். அங்கே மின்சாரம் மட்டுப்பட்டது, ஷார்ட் இருந்தாலும் டிகோடர் தப்பிக்க வாய்ப்பு அதிகம். படிப்பு வராவிட்டால் உடலைத் திரும்பக் கழற்றி நசுங்கிய ஒயரைத் தேடுங்கள்.