கிரேடியஸ் விளையாட்டு வரிசையை அது வளர்ந்த முறையிலேயே ஆடிப் பழகுவது எப்படி?

கோடை விடுமுறையில் பாளையங்கோட்டை வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொனாமி நிறுவனத்தின் கிரேடியஸ் என்னும், விண்கலத்தில் பறந்து சுடும் காணொளி விளையாட்டு வரிசையை அறிமுகப்படுத்த விரும்புவோர், அதன் வேரான 1981ஆம் ஆண்டின் ஸ்கிராம்பிளிலிருந்து தொடங்க வேண்டும். திரை தானாகவே நகர, எரிபொருள் தீராமல் காத்து, நேரே சுட்டும் கீழே குண்டு வீசியும் முன்னேறுவதை அதில் அரை மணி நேரம் பழகினால் போதும்.

அடுத்து 1985இல் வெளிவந்த கிரேடியஸுக்கு வாருங்கள். ஸ்கிராம்பிளின் அடுத்த பாகமாகவே இதன் உருவாக்கம் தொடங்கியது. இங்கே அவசரம் கூடாது. சிவப்புக் குளிகை ஒன்றை எடுக்கும்போதெல்லாம் திரையின் அடியிலுள்ள பட்டையில் ஒளி ஒரு கட்டம் நகரும். வேகம், ஏவுகணை, இரட்டைச் சுடுதல், லேசர், ஆப்ஷன் (கலத்தைத் தொடரும் ஒளிக்கோளம்), கவசம் என்னும் வரிசையில் வேண்டியதை எட்டியதும் பொத்தானை அழுத்திப் பெறலாம். முதற்குளிகையை வேகத்துக்கே செலவிடுங்கள். பிறகு ஐந்து சேர்த்து ஆப்ஷனைப் பெறுங்கள். அறுவடை முடிந்த நம் தாமிரபரணி வயல்களில் வாத்துகள் முன்செல்லும் வாத்தின் தடத்திலேயே நடப்பதுபோல, அந்த ஒளிக்கோளம் கலம் சென்ற பாதையிலேயே தொடர்ந்து வந்து சுடும். எதை எப்போது பெறுவது என்னும் இந்தத் தேர்வுரிமையே இவ்வரிசையின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

கடினமாக இருந்தால், வீட்டு விளையாட்டுக் கருவிக்கான 1986ஆம் ஆண்டின் பதிப்பில் ஆட்டத்தை நிறுத்திவைத்து மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என அழுத்துங்கள். ஆட்டத்தைச் சோதிப்பது தமக்கே கடினமாயிருந்ததால் நிரலாளர் கசுஹிசா ஹாஷிமோட்டோ அமைத்த குறுக்குவழி அது. 1988இன் இரண்டாம் பாகத்தில் ஆயுதத் தொகுப்பைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். ட்ரெஷர் நிறுவனம் உருவாக்கிய 2004இன் ஐந்தாம் பாகத்தில் ஆப்ஷன்களின் அசைவையே நம் விருப்பப்படி கட்டுப்படுத்தலாம்.