போன் செய்யும் வெப்பநிலை அலாரம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

பூட்டிக் கிடக்கும் வீடு, சாமான் அடைத்த ஃப்ரீசர், மீன் தொட்டி என்று எதற்காக வாங்கினாலும் இந்த அலாரத்தின் வேலை ஒன்றுதான். சூடோ குளிரோ நாம் வைத்த அளவைத் தாண்டினால் போன் போட்டுச் சொல்ல வேண்டும். பெட்டியைச் சுவரில் மாட்டுவது பெரிய விஷயமே இல்லை, தவறெல்லாம் அந்தப் பெட்டிக்கும் நம் காதுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

முதல் தவறு நானே செய்தது. மாட்டி முடித்ததும் அலாரத்தின் பிளக்கை மட்டும் பிடுங்கிப் பார்த்தேன், உள்ளே இருந்த பேட்டரியில் ஓடி அழகாகப் போன் வந்தது, சரி, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து நிஜமாகவே கரண்ட் போனபோது ஒரு அழைப்பும் வரவில்லை. காரணம், என் லேண்ட்லைன் ஃபைபர் மோடம் வழியாக வருகிறது, அந்த மோடமும் கரண்டோடு சேர்ந்து அணைந்துவிட்டது! பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் வரும், அதனால்தான் வீடு இருட்டில் கிடந்தாலும் அந்தக் காலத்து போன் வேலை செய்தது. ஃபைபரில் அது கிடையாது. ஆகவே மோடத்துக்கும், வைஃபையில் ஓடும் அலாரம் என்றால் ரவுட்டருக்கும், ஒரு யுபிஎஸ் கொடுங்கள். சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுப் பாருங்கள்.

சிம் போடும் வகை என்றால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வேறு தொல்லைகள் உண்டு. சிம்மில் பின் (PIN) எண் பூட்டு இருந்தால் முதலில் சிம்மை ஒரு போனில் போட்டு அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். டேட்டா மட்டும் உள்ள சிம்மில் குரல் அழைப்பு போகாது. ரீசார்ஜ் காலாவதியானால் அலாரம் சத்தமில்லாமல் ஊமையாகிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 2ஜி, 3ஜி கருவியை வாங்குவதும் ஆபத்து, பல நாடுகளில் 3ஜியை மூடியாயிற்று, சில இடங்களில் 2ஜியும் போய்விட்டது. 4ஜியில் குரல் அழைப்பு செய்யக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. அலாரம் கூப்பிடுகிறது, நாம் எடுக்கவில்லை, வாய்ஸ்மெயில் எடுத்துக்கொள்கிறது. "யாரோ எடுத்துவிட்டார்கள், சொல்லியாயிற்று" என்று நினைத்துக் கருவி ஓய்ந்துவிடும். கேட்டவர் ஒரு எண்ணை அழுத்தினால்தான் அடங்கும், இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும் என்ற வசதி உள்ள கருவிதான் நல்லது. எண்கள் குறைந்தது மூன்று கொடுங்கள், அதில் ஒன்றாவது வீட்டுக்குப் பக்கத்தில் சாவியோடு இருப்பவருடையதாக இருக்கட்டும், தொலைவில் இருக்கும் உங்களுக்கு மட்டும் போன் வந்து என்ன பயன்? அப்புறம், அலாரத்தின் எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்து, டு நாட் டிஸ்டர்பைத் தாண்டி மணி அடிக்க அனுமதியும் கொடுத்துவிடுங்கள். தெரியாத எண் என்று நடுராத்திரியில் கட் செய்பவர்கள் நாம் எல்லோரும்தான்.

சென்சாரை எங்கே வைப்பது? ஜன்னல் வெயில், ஹீட்டருக்கு மேலே, ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், இது மூன்றும் வேண்டாம். குழாய் உறைவதைப் பற்றிய கவலை என்றால் ஹாலில் வைத்துப் பயனில்லை, வெளிச்சுவரை ஒட்டிக் குழாய் ஓடும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் 0 டிகிரியில்தானே உறையும் என்று அலாரத்தை 1 டிகிரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அறைக் காற்று 1 டிகிரிக்கு வரும்போது சுவருக்குள் இருக்கும் குழாய் அதற்கு முன்பே உறைந்திருக்கலாம். 7 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைத்தால் ஆள் போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

ஃப்ரீசரில் நேர் எதிரான தவறு. மைனஸ் 18 டிகிரியில் ஓடுவதற்கு மைனஸ் 16 என்று வைத்தால், கதவைத் திறந்தாலும், படிந்த பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஓடினாலும் போன் வரும், நாலாவது தடவையே நீங்கள் எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள். மைனஸ் 10 வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் தாமதமும் கொடுங்கள். நிரம்பிய ஃப்ரீசர் கதவைத் திறக்காவிட்டால் சுமார் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் குளிரைத் தாங்கும், அதனால் இந்தத் தாமதத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, உடைத்த ஐஸ் நிறைய, தண்ணீர் கொஞ்சம் கலந்து, அதில் சென்சாரை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சில நிமிடம் வையுங்கள், 0 டிகிரிக்கு அருகே காட்ட வேண்டும். அலாரப் பெட்டியே குளிரில் இருக்கப்போகிறது என்றால் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், லித்தியம் போடுங்கள். மாதம் ஒரு தடவை சென்சாரைக் கையில் பிடித்துச் சூடாக்கியோ ஐஸில் வைத்தோ அழைப்பை வரவழையுங்கள், போனை எடுக்காமல் விட்டு இரண்டாவது, மூன்றாவது எண்ணுக்கும் அது போகிறதா என்று கேட்டுவிடுங்கள்.