ரோம வீரனின் வெண்கலப் பத்திரத்தைப் படிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறேன். குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்து ரோம் நடத்திய துணைப்படைகளைப் பட்டியலாகச் சொன்னால் தூங்கிவிடுவார்கள். ஓய்வுபெறும் வீரன் வாங்கிய பத்திரத்தின் படத்தைக் கையில் கொடுங்கள்.

முதலில் வடிவம். கம்பியால் கட்டிய இரண்டு வெண்கலத் தகடுகள். வாசகம் வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை. கம்பியின் மேல் ஏழு சாட்சிகளின் முத்திரை. வெளியெழுத்தில் யாராவது கைவைத்ததாகச் சந்தேகம் வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே பார்க்கலாம். நம்ம ஊர் நில ஆதாரத்துக்குக்கூட இத்தனை பந்தோபஸ்து கிடையாது!

சரி, மேலிருந்து படியுங்கள். பேரரசர் பெயர், பட்டங்கள். ஆண்டைக் கணிக்க அவை உதவும். அடுத்து படைப்பிரிவுகள்: 'ஆலா' குதிரைப்படை, 'கோஹோர்ஸ்' பெரும்பாலும் காலாட்படை. கூடவே வரும் இனப்பெயரை விடாதீர்கள். படாவியர் ரைன் கழிமுகத்துக்காரர்கள், ஹாமியர் சிரியா வில்லாளிகள். ஆனால் பெயரை முழுசாக நம்ப வேண்டாம்; முகாமிட்ட இடத்திலேயே பின்னாளில் ஆள் சேர்த்தார்கள்.

அப்புறம் முக்கியமான வரி: 25 ஆண்டுச் சேவை. அதற்குப் பலனாகக் குடியுரிமை, மனைவியோடு சட்டப்படி மண உரிமை. பிள்ளைகளைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடுங்கள். கி.பி. 140 வாக்கில் இருந்து, சேவைக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை தரவில்லை. என் வகுப்பில் சண்டை தொடங்குவது இந்த இடத்தில்தான்.