போனில் மூழ்கியவர்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்ட

வகுப்பு விட்டதும் வரும் பத்து நிமிடம்தான் கல்லூரி வளாகத்தில் சைக்கிள் ஓட்டுவோருக்குச் சோதனை. முடிந்தால் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முடியாதென்றால் வேகத்தைக் குறையுங்கள்: மணிக்கு 15 கிலோமீட்டர் என்றாலே நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் போய்விடுவோம்.

எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, அது போனுக்குள் இருக்கும். தோளையும் பாதத்தையும் கவனியுங்கள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று அவை காட்டிக்கொடுத்துவிடும். குறுக்கே கடப்பவரை முன்பக்கமாக முந்தப் பார்க்காதீர்கள். கொஞ்சம் இடம் விட்டு, அவர் முதுகுப் பக்கமாகப் போங்கள். அவர் தொடர்ந்து நடந்தாலும் சரி, குறுஞ்செய்தி படிக்கத் திடீரென நின்றாலும் சரி, அங்கே வழி இருக்கும்.

அப்புறம், மணி. பக்கத்தில் போய் அடித்தால் மிரண்டு நம் சக்கரத்தின் மேலேயே வந்து விழுவார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியே அடியுங்கள். காதில் இயர்போன் தெரிந்தால் மணியை நம்பவே வேண்டாம், பிரேக் மேல் விரல் இருக்கட்டும்.

பாதையை அடைத்துக்கொண்டு அரட்டையடித்தபடி போகும் கூட்டமா? நடுவில் புகாதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.