கிழித்த சீட்டுத் துண்டுகளை மறைக்கும்போது எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

மேஜிக்கில் நாணயத்தை மறைக்கத் தெரிந்தவருக்குக் கிழித்த விளையாட்டுச் சீட்டெல்லாம் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் நாணயம் ஒன்றே ஒன்று, வழவழப்பானது. சீட்டுத் துண்டுகள் விறைப்பானவை, பல, உரசினால் சரசரக்கும். பெரும்பாலும் கோளாறு மறைக்கும் நொடியில் வருவதில்லை. கிழிக்கும்போதே விதைத்துவிடுகிறோம்.

முதல் தவறு, அதிகமாகக் கிழிப்பது. போக்கர் அளவுச் சீட்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம், தடிமன் ஏறக்குறைய 0.3 மி.மீ. இரண்டு முறை கிழித்தால் சுமார் 31 × 44 மி.மீ. அளவில் நான்கு துண்டுகள். அடுக்கினால் கணக்குப்படி 1.2 மி.மீ. எட்டாகக் கிழித்தால் அது 2.4 ஆகும். கிழிந்த ஓரங்கள் பிசிறடித்து உப்பிவிடுவதால் கைக்குள் இன்னும் பருமனாகவே இருக்கும். அதோடு மூன்றாவது கிழிப்பில் நான்கு அட்டைகளைச் சேர்த்துப் பிய்க்க வேண்டும். மணிக்கட்டு திணறுவது எதிரே இருப்பவருக்குத் தெரியும், அடுக்கும் கலைந்துபோகும். நான்கு துண்டுகளே போதும்.

மடிக்காமல் கிழிப்பது அடுத்தது. சீட்டை முதலில் நான்காக மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்த்து, அதே கோட்டில் மறுபக்கமும் மடித்துத் தேய்த்து, பிறகு விரித்துக் கிழியுங்கள். இருபக்கமும் மடித்தால் கோடு நேராகக் கிழியும். ஒரே பக்கம் மடித்த துண்டு ஓரத்தில் வளைந்து நிற்கும். கைக்குள் வைத்ததும் மேல்துண்டு ஸ்பிரிங் போல எழும்பி, விரலிடுக்கில் ஒரு வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக் சீட்டு இந்த வித்தைக்கு ஆகவே ஆகாது. அது கிழியாமல் இழுபடும், கிழிந்தாலும் கோணல்மாணலாகப் போகும்.

கிழித்ததும் துண்டுகளை ஒரே அளவாகத் தட்டி அடுக்கிவிட்டு, கைமாற்றுவதுபோல் பாவனை செய்து, நடுவிரல், மோதிரவிரல் மடிப்பில் தங்க வைப்பதுதான் வழக்கம். 44 மி.மீ. பக்கத்தை விரல்களுக்குக் குறுக்கே வைத்தால் சிறிய கைக்காரர்களுக்கு ஆள்காட்டி விரலின் அடியில் முனை துருத்தும். நீளத்தை விரல் நெடுகிலும் வையுங்கள்: ஒரு முனை நடு மூட்டின் மடிப்பில், மறுமுனை உள்ளங்கையில். லேசாக வளைத்தாலே நிற்கும். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் விறைத்துக்கொண்டு மேலே நிற்கும். காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கட்டைவிரல்தான்.

துண்டுகளை வாங்கியதாக நடிக்கும் கை இன்னொரு சிக்கல். பலர் அதைக் கல்போல் இறுக மூடிவிடுகிறார்கள். உண்மையிலேயே துண்டுகள் உள்ளே இருந்தால் முஷ்டிக்குள் சின்ன இடைவெளி இருக்கும், முட்டிகள் வெளுக்காது. பத்து முறை நிஜமாகவே கொடுத்து வாங்குங்கள், பதினோராவது முறை பொய்யாகச் செய்யுங்கள். மொபைலில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம். அதைப் பார்ப்பதற்காகவே உங்கள் பார்வை திரிந்துவிடும், நிகழ்ச்சியிலோ பார்வை, துண்டுகளை வாங்கியதாக நடிக்கும் அந்தக் கையைத் தொடர்ந்தே போயாக வேண்டும்.

அவசரமாகக் கையைத் திறப்பது எல்லாவற்றையும் கெடுக்கும். துண்டுகள் இருக்கும் கைக்கு முதலில் ஒரு வேலை கொடுங்கள்: பாக்கெட்டில் துண்டுகளை விட்டுவிட்டு அங்கிருந்து பேனா எடுப்பது, சீட்டுக்கட்டைத் தூக்குவது. பேனா முன்பே அந்தப் பாக்கெட்டில் இருக்க வேண்டும், வித்தையின் தொடக்கத்திலேயே ஒருமுறை சும்மா அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கை திடீரெனப் பாக்கெட்டுக்குப் போவது கண்ணை உறுத்தும். இறுக்கமான ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் கை போகத் திணறும். வாய் அகன்ற பாக்கெட்டே வசதி.

தம்ப் டிப்பில், அதாவது கட்டைவிரல் நுனியில் மாட்டும் போலி விரல் உறையில், சீட்டுத் துண்டுகளைத் திணிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது மெல்லிய காகிதத்துக்கும் துணிக்கும்தான். மடித்த அட்டை உள்ளே நிற்காமல் பிதுங்கும். சட்டைக் கைக்குள் வீசினால் பிசிறான ஓரம் துணியில் மாட்டும், அல்லது துண்டுகள் பிரிந்து பிறகு ஒவ்வொன்றாக விழும். நொடியில் எரிந்துபோகும் ஃபிளாஷ் பேப்பரில் சுற்றிக் கொளுத்தினாலும் எரிந்து மறைவது காகிதம் மட்டுமே. பொட்டலம் அதற்கு முன்பே காலியாகியிருக்க வேண்டும்.

ஒரு துண்டைப் பார்வையாளரிடம் அடையாளமாகக் கொடுத்து, பிறகு அந்த மூலை மட்டும் இல்லாத சீட்டை வேறிடத்திலிருந்து எடுக்கும் வடிவத்தில் எண்ணிக்கைதான் கவிழ்த்துவிடும். அவரிடம் போவது, அதே சீட்டின் இன்னொரு பிரதியிலிருந்து முன்பே கிழித்து வைத்த துண்டு. ஆகவே உங்கள் கையில் மிஞ்சுவது மூன்றல்ல, நான்கு. மூன்று துண்டுகளை விசிறிபோல் விரித்துக் காட்ட ஆசைப்பட்டால் நான்காவதும் வெளியே வரும். தயார் செய்த துண்டு அதே வகைக் கட்டிலிருந்து வந்திருக்க வேண்டும், அன்றைக்கே கிழித்ததாகவும் இருக்க வேண்டும். சில சீட்டுகளின் நடுவே கருமையான அடுக்கு உண்டு. கிழிந்த ஓரத்தில் அது கோடாகத் தெரியும். ஒன்றில் கோடு இருந்து மற்றதில் இல்லையென்றால் கூர்ந்து பார்ப்பவர் பிடித்துவிடுவார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பாக்கெட்டை உதறிக் காலி செய்யுங்கள். மறந்தால் அடுத்த முறை பேனாவை எடுக்கையில் அதன் கிளிப்பில் பழைய துண்டு ஒன்று தொற்றிக்கொண்டு வரும்.